வேதமலையும் கழுகுகளும்: திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயில் வரலாறு

திருக்கழுக்குன்றம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊரின் நடுவே எழும் சுமார் 500 அடி உயரக் கற்குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் கோயிலும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலும் இருக்கின்றன. இரண்டும் தனித்தனிக் கோயில்கள் போலத் தோன்றினாலும் ஊர் மக்கள் அவற்றை மலைக்கோயில், தாழக்கோயில் என்று ஒரே கோயிலின் இரு பகுதிகளாகவே பேசுவர். தொண்டை நாட்டின் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 32இல் இதுவும் ஒன்று.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாச் செல்வோர் பலர் இந்த மலையைப் பேருந்துச் சன்னலில் பார்த்தபடி கடந்துவிடுகின்றனர். அங்கே ஏறுவதற்கு 500க்கும் மேற்பட்ட படிகள் உண்டு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். முன்பு இவ்வூருக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மலையில் ஒரு காட்சியைக் காண்பதற்காகவே ஏறினர். நண்பகல் வேளையில் வானத்திலிருந்து இரண்டு கழுகுகள் இறங்கிவந்து, கோயில் பூசகர் கையால் அமுது உண்டு பறந்துபோகும். அந்தக் காட்சி இன்று இல்லை. ஊரின் பெயரில் இருக்கும் பறவை ஊரில் இல்லாமல் போன கதையும் இக்கோயிலின் வரலாற்றில் அடங்கும்.

பெயர்கள்

கழுகு, குன்றம் என்னும் இரு சொற்களும் சேர்ந்து கழுக்குன்றம் ஆயிற்று. தேவார மூவரும் இப்பெயராலேயே இத்தலத்தைப் பாடியுள்ளனர். எனவே 7ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குன்று கழுகின் பெயரால் அறியப்பட்டிருந்தது என்பது உறுதி. வடமொழியில் இது வேதகிரி, வேதாசலம் என வழங்கும். பட்சி தீர்த்தம் என்ற பெயரும் உண்டு. வடநாட்டுப் பயணிகளிடமும் பழைய ஆங்கிலேயர் குறிப்புகளிலும் அதிகம் காணப்படுவது அதுவே. தலமரம் வாழை என்பதால் கதலிவனம் என்றும், கோடி உருத்திரர்கள் வழிபட்டனர் என்பதால் உருத்திரகோடி என்றும் தலபுராணம் கூறும். சோழர் கல்வெட்டுகளில் ஊருக்கு உலகளந்த சோழபுரம் என்ற மற்றொரு பெயரும் வருகிறது. அரசு கொடுத்த அந்தப் பெயர் கல்லோடு நின்றுவிட, பறவை கொடுத்த பெயர் நிலைத்தது.

பரத்துவாசர் கேட்ட ஆயுள்

மலைக்கு வேதகிரி என்னும் பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் கதை இது. பரத்துவாச முனிவர் வேதங்கள் முழுவதையும் கற்றுவிட விரும்பினார். அதற்கு ஓர் ஆயுள் போதவில்லை. சிவபெருமானை நோக்கித் தவமிருந்து நீண்ட ஆயுள் வேண்டினார். இறைவன் தோன்றி, வேதங்களை மலைகளாக நிறுத்திக் காட்டி, அவற்றிலிருந்து கையளவு மண்ணை அள்ளி, "நீ இதுவரை கற்றது இவ்வளவுதான், கல்லாதது அந்த மலையளவு" என்றாராம். அவ்வாறு வேதமே மலையாகி நின்ற இடம் இக்குன்றம் என்பது நம்பிக்கை. நான்கு வேதங்களும் நான்கு குன்றுகளாக அமைய, அதர்வண வேதமாகிய குன்றின் உச்சியில் இறைவன் எழுந்தருளியிருக்கிறான் என்பர்.

இக்கதையின் வேர் மிகப் பழையது. யசுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய பிராமணத்தில் இதே பரத்துவாசர் வருகிறார். மூன்று பிறவி அளவான ஆயுளை மாணவராகவே கழித்து முதுமையுற்றுக் கிடக்கும் அவரிடம் இந்திரன் வருகிறான். நான்காவது ஆயுள் கொடுத்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறான். மீண்டும் கற்பேன் என்கிறார் முனிவர். அப்போது இந்திரன் மூன்று மலைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, வேதங்கள் முடிவற்றவை என்று உணர்த்துகிறான்.

அந்தக் கதை தொண்டை நாட்டுக்கு வந்தபோது என்னென்ன மாறின என்று பார்ப்பது சுவையானது. மூன்று வேதங்கள் நான்காயின. எங்கோ இருந்த மலைகளுக்கு ஓர் ஊரும் முகவரியும் கிடைத்தன. இந்திரன் இருந்த இடத்தில் சிவபெருமான் வந்தார். ஆனாலும் இந்திரன் இக்குன்றை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. மலைக்கோயில் இறைவனை இந்திரன் இடி வடிவில் வந்து வழிபடுகிறான் என்றும், விமானத்தில் உள்ள துளை வழியாக மின்னல் இறங்கி, இலிங்கத்தைச் சுற்றிவிட்டு மறைகிறது என்றும் இங்கு ஒரு நம்பிக்கை உண்டு. அருள் கொடுப்பவனாக இருந்தவன் அடியவனாகத் திரும்பி வந்திருக்கிறான் என்று தோன்றுகிறது. சுற்றிலும் சமவெளியும் ஏரிகளும் கிடக்க, நடுவில் தனித்து உயர்ந்து நிற்கும் கற்குன்றின் உச்சியை ஐப்பசி, கார்த்திகை மாத இடி தேடி வருவதில் வியப்பும் இல்லை. கண்டதைக் கதையாகக் கோத்து வைத்தவர்கள் மலையை நன்கு அறிந்தவர்கள்.

மலையே வேதம் என்பதால் அதன்மேல் கால் வைக்க அஞ்சி, சமயக் குரவர் நால்வரும் கீழே நின்றே பாடினர் என்பது மற்றொரு செய்தி. அவர்கள் நின்ற இடமாகக் கருதப்படும் பகுதி இன்றும் நால்வர் கோயில்பேட்டை எனப்படுகிறது. சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்துக்குத் தலா ஒரு பதிகம் பாடினர். அப்பர் பாடியதில் இரண்டு பாடல்களே இன்று கிடைக்கின்றன. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலும் திருக்கழுக்குன்றப் பதிகம் என்னும் தனிப் பகுதி உள்ளது. இறைவன் தமக்கு இங்கே காட்சி கொடுத்ததை அவர் அதில் மீண்டும் மீண்டும் சொல்லி உருகுகிறார். பிற்காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், அருகிலுள்ள பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புடைய அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணம் இயற்றினார். கண்பார்வை இல்லாத புலவர் அவர். கழுகுகள் இறங்கிவரும் குன்றின் கதைகளைச் செவிவழியாகவே வாங்கித் தமிழ்ச் செய்யுளாக்கியிருக்கிறார்.

எட்டுப் பறவைகள்

கழுகுகள் குறித்த கதை இவ்வாறு வழங்குகிறது. முனிவர் எண்மர் சாபத்தால் கழுகுகளாயினர். யுகத்துக்கு இருவராக இம்மலையில் வழிபட்டு அவர்கள் சாபம் நீங்கப்பெறுவர். கிருத யுகத்தில் சண்டனும் பிரசண்டனும், திரேதா யுகத்தில் சம்பாதியும் சடாயுவும், துவாபர யுகத்தில் சம்புகுத்தனும் மாகுத்தனும், கலியுகத்தில் சம்புவும் ஆதியும் என்று பெயர் சொல்வர். நூலுக்கு நூல் பெயர்களில் சிறு வேறுபாடு உண்டு. இந்தப் பறவைகள் நாள்தோறும் ஒரு புண்ணியத் தலத்தில் நீராடி, இக்குன்றில் உணவுண்டு, இன்னொரு தலத்தில் இரவு தங்குகின்றன என்பது இதன் தொடர்ச்சி. காசி, இராமேசுவரம், சிதம்பரம் என அந்த ஊர்களின் பெயர்கள் சொல்பவருக்கு ஏற்ப மாறும்.

இராமாயணத்துச் சம்பாதியையும் சடாயுவையும் இந்த வரிசையில் சேர்த்திருப்பது கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் சடாயுவோடு தொடர்புபடுத்தப்படும் தலங்கள் வேறு சில உண்டு. புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயில் அவற்றுள் பெயர் பெற்றது. அங்கெல்லாம் பறவை கதையில் மட்டுமே இருக்கிறது. கழுக்குன்றத்தில் அது நாள்தோறும் நேரில் வந்தது. உச்சிவேளைப் பூசை முடிந்ததும் பூசகர் ஒரு பாறையின்மேல் அமர்ந்து சர்க்கரைப் பொங்கலை வைத்துக் காத்திருப்பார். மக்கள் தொலைவில் அமைதியாக அமர்ந்திருப்பர். பறவைகள் வட்டமிட்டு இறங்கி, நடந்துவந்து, கையருகே வைத்ததை உண்டு, கிண்ணத்து நீரில் அலகை நனைத்துக்கொண்டு பறந்துவிடும். சில நாள் ஒன்றுதான் வரும். சில நாள் எதுவும் வராது. வராத நாளில், கூட்டத்தில் பாவம் செய்தவர் யாரோ இருக்கிறார் என்று பேசிக்கொள்வர்.

வந்த பறவை எது என்பதையும் சொல்லவேண்டும். பேச்சுத் தமிழில் கருடன், பருந்து தவிர்ந்த பெரிய ஊனுண்ணிப் பறவைகள் பெரும்பாலும் கழுகு என்றே வழங்கப்படுகின்றன. உயிருள்ள இரையை வேட்டையாடும் கழுகும், இறந்த உடல்களைத் தின்னும் பாறும் வேறு வேறு. பாறு என்பது சங்க இலக்கியத்திலேயே வரும் சொல். கழுக்குன்றத்துக்கு வந்தவை பாறு இனத்தில் சிறியதான மஞ்சள்முகப் பாறு. உடல் அழுக்கு வெள்ளை. இறக்கையின் ஓரம் கறுப்பு. முகத்தில் இறகில்லாமல் மஞ்சள் தோல் தெரியும். எகிப்தியர் இதைப் புனிதமாகக் கருதி எழுத்துருவிலும் பயன்படுத்தினர். தீக்கோழி முட்டையை உடைக்கக் கல்லை அலகால் எடுத்து எறியும் பறவை என்பதால் உயிரியலாளர்களிடையே இதற்குத் தனிப் புகழ் உண்டு.

பிணந்தின்னிப் பறவை பொங்கல் உண்ணுமா என்ற ஐயம் எழலாம். மஞ்சள்முகப் பாறு மற்ற பாறுகளைப்போல இறந்த விலங்குகளை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஊர்க் குப்பை, மீந்த உணவு, பூச்சி என அகப்பட்டதை உண்ணும். செங்குத்தான பாறை இடுக்குகளில் கூடு கட்டும். இணையாக வாழும். அதே கூட்டுக்கும் அதே உணவிடத்துக்கும் ஆண்டுதோறும் திரும்பி வரும். ஒரு கற்குன்றில் ஓர் இணை நிலைத்துவிட்டால், பழகிய நேரத்தில் பழகிய கையிடமிருந்து உணவு பெற வருவது அதன் இயல்புக்கு மாறானதன்று. இணையில் ஒன்று மறைந்தால் இன்னொன்று வந்து சேரும். மூத்தவை போனால் இளையவை அந்த இடத்தைப் பிடிக்கும். யுகத்துக்கு இருவர் என்ற கதைக்குள் தலைமுறை தலைமுறையாக வந்த இணைகளை நேரில் கண்ட அறிவு ஒளிந்திருக்கிறது என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மலையில் குடைந்த கோயில்

கதைகளை விட்டுக் கல்லுக்கு வருவோம். மலையேறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிப் படிவழிகள் உண்டு. இறங்கும் வழியில், உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையைக் குடைந்து செய்த ஒரு குடைவரை இருக்கிறது. ஒருகல் மண்டபம் என்பது அதன் பெயர். கற்களை அடுக்காமல் ஒரே பாறையில் குடைந்ததால் மக்கள் இட்ட பெயர் இது. இறங்கும் அவசரத்தில் பலர் இதை நிழலுக்கு ஒதுங்கும் இடமாக மட்டும் கருதிக் கடந்து போகின்றனர். மலையில் நிற்கும் கட்டுமானங்களில் காலத்தால் முற்பட்டது இதுவே.

முன்னும் பின்னுமாக இரண்டு வரிசைத் தூண்கள். தூண்களின் அடியும் முடியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப் பட்டை. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளில் தொடங்கிய எளிய வடிவம் இது. மாமல்லபுரத்தில் பின்னர் வந்த சிங்கத்தூண்களின் அலங்காரம் இதில் இல்லை. பின்சுவரின் நடுவே கருவறையும் இலிங்கமும் உள்ளன. வாயிலின் இருபுறமும் காவலர் நிற்க, மண்டபச் சுவர்களில் பிரமனும் திருமாலும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர். நடுவில் சிவன், இருபுறமும் மற்ற இருவர் என்ற இந்த அமைப்பு பல்லவர் குடைவரைகளில் விருப்பமாகப் பின்பற்றப்பட்டது. சிற்பங்களின் உடல்கள் இறுக்கமில்லாமல், அணிகள் குறைவாக, அமைதியாக நிற்கின்றன.

இங்குள்ள சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரசர் என்ற பெயர் வருகிறது. சாளுக்கியரின் வாதாபியை 642இல் வென்ற முதலாம் நரசிம்மவர்மனே இவர். மாமல்லபுரம் யாருடைய பட்டப்பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்த மாமல்லன். படிவழியில் இறங்கும் எவரும் நின்று பார்க்கக்கூடிய இடத்தில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது.

அதே குடைவரையில் வேறு வகை எழுத்துகளும் உண்டு. கடற்கரையில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வாணிக நிலையமும் கோட்டையும் வைத்திருந்தனர். அங்கிருந்து 17ஆம் நூற்றாண்டில் இம்மலைக்கு உலாவந்தவர்கள் தங்கள் பெயர்களையும் ஆண்டுகளையும் தூண்களிலும் சுவரிலும் செதுக்கிச் சென்றனர். சுற்றுலாத் தலங்களில் பெயர் கிறுக்குவோரை நாம் கடிந்துகொள்கிறோம். 300 ஆண்டு கடந்தால் அந்தக் கிறுக்கலும் வரலாற்றுச் சான்றாகிவிடுகிறது என்பது ஒரு சங்கடமான உண்மை.

உச்சிக் கோயில்

மலை உச்சியில் உள்ள வேதகிரீசுவரர் கருவறை அமைப்பில் தனித்தன்மை உடையது. வழக்கமான கற்றளிகளில் கற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுச் சுவர் எழும். இங்கோ, மிகப் பெரிய கற்பலகைகளை நிறுத்தி, அவற்றையே கருவறையின் மூன்று பக்கச் சுவர்களாக்கியிருக்கின்றனர். அப்பலகைகளின் உட்புறத்தில் சிற்பங்கள் உள்ளன. இலிங்கத்துக்குப் பின்னே, சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனுமாக அமர்ந்திருக்கும் சோமாசுகந்தர் வடிவம் இருக்கிறது. கருவறைப் பின்சுவரில் சோமாசுகந்தரை அமைப்பது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பல்லவர் வழக்கம். எனவே கலை வரலாற்றாய்வாளர்கள் இந்தக் கருவறையை முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தோடு இணைத்துப் பேசுவர்.

இது தமிழகக் கட்டடக்கலையில் ஒரு திருப்புமுனையைக் காட்டும் கோயில். பாறையைக் குடைவதிலிருந்து கல்லை அடுக்குவதற்குத் தச்சர்கள் ஒரே நாளில் தாவிவிடவில்லை. குடையும் கையும் கட்டும் கையும் சேர்ந்து வேலை செய்த ஒரு காலம் இடையில் இருந்தது. குடைவரையின் சுவர்ப்பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய பலகையை வெட்டி எடுத்து நிறுத்தினால் அது சுவராகும் என்று அவர்கள் சிந்தித்திருக்க வேண்டும். இதே காலத்தை ஒட்டி எழுந்த கூரம் கோயிலிலும் கற்பலகைகளை நிறுத்திச் சுவராக்கும் முறையைக் காணலாம். அடுத்த தலைமுறையில் இராசசிம்மன் காஞ்சிக் கைலாசநாதரையும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையும் முழுக் கற்றளிகளாக எழுப்பினான். ஒருகல் மண்டபத்திலிருந்து உச்சிக் கருவறைக்கு ஏறும் சில படிகளில் அந்த மாற்றத்தின் நடுப்பகுதியை நாம் நடந்து கடக்கிறோம். மாமல்லபுரத்தின் பெரும் புகழ் இந்த உண்மையை மறைத்துவிட்டது.

மலைக்கோயில் அம்மனுக்குச் சொக்கநாயகி என்று பெயர். உச்சியில் இடம் குறுகல் என்பதால் பெரிய திருச்சுற்றோ ஆயிரங்கால் மண்டபமோ இங்கே இல்லை. பாறையின் வளைவுக்கு ஏற்பச் சுவர்கள் வளைந்து செல்கின்றன. கீழே ஊரும், சங்கு தீர்த்தக் குளமும், நான்கு கோபுரங்களும் ஒரு வரைபடம்போல விரிந்து தெரியும்.

ஒரு கொடையின் பயணம்

திருக்கழுக்குன்றத்தின் கல்வெட்டுகளில் நான்கு, எபிகிராபியா இண்டிகா என்னும் தொல்லெழுத்தியல் இதழின் மூன்றாம் தொகுதியில் வெங்கையாவால் பதிப்பிக்கப்பட்டன. அவற்றில் முதலாவது, பல்லவர் வரலாற்றை எழுதிய அனைவரும் எடுத்தாண்ட ஒன்று.

அது இராசகேசரி என்னும் சோழ மன்னனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அம்மன்னன் முதலாம் ஆதித்தன் எனக் கொள்ளப்படுகிறது. காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதி. களத்தூர்க் கோட்டத்துத் திருக்கழுக்குன்றத்து மூலட்டானத்துப் பெருமானடிகளுக்கு, முன்னாளில் கந்தசிடியன் என்னும் மன்னன் இறையிலியாக நிலம் கொடுத்திருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரசன் அதை அவ்வாறே காத்துவந்தான். இப்போது புத்தன் என்பவர் விண்ணப்பம் செய்ய, சோழ மன்னனும் அக்கொடையை முன்பிருந்தபடியே தொடரச் செய்கிறான். கல்வெட்டின் செய்தி இவ்வளவே.

இதில் மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கந்தசிடியன் முற்காலப் பல்லவர்களில் ஒருவன், நரசிம்மனுக்கும் முந்தியவன். அவன் கொடுத்த நிலம் மூலட்டானத்து இறைவனுக்கு உரியது என்றால், ஒருகல் மண்டபம் குடையப்படுவதற்கு முன்பே இங்கு வழிபாடு நடந்திருக்கிறது. கோயில் மண்ணாலோ செங்கல்லாலோ மரத்தாலோ ஆனதாக இருந்திருக்கலாம். கல்லில் நாம் காணும் பழமையைவிட வழிபாட்டின் பழமை அதிகம்.

ஆதித்தன் யார் என்று நினைத்துப் பார்த்தால் இக்கல்வெட்டின் எடை கூடும். காஞ்சிப் பல்லவர்களின் கடைசி மன்னன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழருக்கு உரியதாக்கியவன் அவன். வென்றவன், தோற்ற மரபின் மூதாதை செய்த கொடையை அழிக்கவில்லை. தன் பெயரால் புதிதாகக் கொடுத்ததாகவும் எழுதவில்லை. முந்தையவர் இருவர் பெயரையும் சொல்லி, அதைத் தொடர்ந்ததாகவே எழுதச் செய்திருக்கிறான். இதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும். புதிதாகப் பிடித்த நாட்டில் பழைய உரிமைகளைக் காப்பவன் என்று பெயரெடுப்பது ஆட்சிக்கு நல்லது. ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பெரியவராகத் தெரிபவர் விண்ணப்பம் செய்த புத்தன். அரசு மாறிய குழப்பத்தில் கோயில் நிலத்துக்கு வரி விழுந்துவிடாமல், நூற்றாண்டுகளுக்கு முந்தைய கொடையின் வரலாற்றை எடுத்துச்சென்று புதிய மன்னன் முன் வைத்தவர் அவர். அவர் அதைச் செய்யாதிருந்தால் கந்தசிடியனின் கொடையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மற்ற மூன்றில் ஒன்று மதிரை கொண்ட பரகேசரி என்னும் முதலாம் பராந்தகன் காலத்தது. எஞ்சிய இரண்டும் கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவனுடையவை, 17, 19ஆம் ஆட்சியாண்டுகளுக்குரியவை. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனே இந்தக் கன்னரதேவன். தக்கோலத்தில் 949இல் சோழப் படையை முறியடித்த பிறகு தொண்டை நாடு சில காலம் அவன் கையில் இருந்தது. பல்லவர், சோழர், இராட்டிரகூடர், மீண்டும் சோழர் என்று ஆட்சி மாறியபோதெல்லாம் இவ்வூர்க் கோயிலின் சுவர் அந்தந்தப் பெயரை எழுதிக்கொண்டது. கொடை எழுதப்பட்ட மொழியும் இறைவன் பெயரும் மட்டும் மாறவில்லை.

தாழக்கோயிலும் சங்கு தீர்த்தமும்

அடிவாரத்துப் பக்தவத்சலேசுவரர் கோயில் பரப்பில் பெரியது. நான்கு திசைகளிலும் கோபுரங்கள், அகன்ற திருச்சுற்றுகள், மண்டபங்கள் என்று பிற்காலக் கோயிற்கலை விரும்பிய எல்லாம் இங்கு உண்டு. மலையில் இடமில்லாமல் போனவற்றுக்கெல்லாம் கீழே இடம் கிடைத்தது என்று சொல்லலாம். அம்மன் திரிபுரசுந்தரி. ஆண்டுக்கு மூன்று முறை மட்டுமே அம்மனுக்கு முழுத் திருமுழுக்கு நடைபெறும் என்பர். ஆத்மநாதர் சன்னிதியில் பீடம் மட்டுமே உண்டு, இலிங்கத்தின் பாணம் இல்லை. மாணிக்கவாசகருக்குரிய ஆவுடையார்கோயிலின் வழிபாட்டு முறையை நினைவூட்டும் சன்னிதி அது.

ஊரின் பெரிய குளம் சங்கு தீர்த்தம். மார்க்கண்டேயர் இறைவனைப் பூசிக்க நீர் முகந்து செல்லக் கலமில்லாமல் நின்றபோது குளத்திலிருந்து சங்கு ஒன்று தோன்றியது என்பது கதை. அன்று முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்குளத்தில் சங்கு தோன்றுவதாக நம்பப்படுகிறது. அண்மைக் காலத்தில் 2011 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் சங்கு கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. நன்னீர்க் குளத்தில் கடற்சங்கு எவ்வாறு பிறக்கும் என்று கேட்போர் உண்டு. கிடைத்த சங்குகள் கோயிலில் பாதுகாக்கப்பட்டு, கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று நடைபெறும் 1008 சங்காபிடேகத்தில் எடுத்து வைக்கப்படுகின்றன. சித்திரைத் திருவிழாவும் தேரோட்டமும் முழுநிலா நாட்களின் மலைவலமும் ஊரை நிறைக்கும் மற்ற நிகழ்வுகள்.

கழுகுகள் வராத குன்றம்

1990களின் இறுதியில் கழுகுகளின் வருகை குறைந்தது. 1998க்குப் பிறகு அவை வரவேயில்லை. கலி முற்றிவிட்டது என்றனர் சிலர். கலியுகத்துக்குரிய இருவரும் சாபம் நீங்கி முத்தி அடைந்துவிட்டனர் என்றனர் வேறு சிலர். கதைக்குள்ளேயே இருந்து பார்த்தால் இரண்டாவது விளக்கம் அழகானது.

அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு போன்ற இனங்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூட மிஞ்சாமல் சரிந்தன. 2004இல் காரணம் வெளிவந்தது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, அம்மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. மருந்தின் மிகச் சிறிய அளவே அவற்றைக் கொல்லப் போதுமானது. கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடைசெய்தது. மஞ்சள்முகப் பாறு 2007இல் உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மருந்து பரவிய காலமும் கழுக்குன்றத்து இணை மறைந்த காலமும் ஒத்துப்போகின்றன.

பறவை வராத நாளில் கூட்டத்தில் பாவி யார் என்று தேடிய பழைய வழக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நோயுற்ற மாட்டுக்கு இரக்கப்பட்டு ஊசி போடச் செய்த உழவரைப் பாவி என்று யார் சொல்வது?

தமிழ்நாட்டில் பாறுகள் இன்று பெரும்பாலும் நீலகிரி மலையடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிய முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. அங்கு வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு ஆகியவற்றோடு மஞ்சள்முகப் பாறும் அரிதாகத் தென்படுகிறது. கழுக்குன்றத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கு மேற்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவு.

மலையில் பறவைகளுக்கு அமுது வைக்கப்பட்ட பாறை அப்படியே இருக்கிறது. ஏறிவரும் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் அதைச் சுட்டிக்காட்டி, பூசகர் அமர்ந்த இடத்தையும் பறவைகள் இறங்கிய திசையையும் சொல்கின்றனர். பிள்ளைகள் வானத்தைப் பார்த்துவிட்டு, பையில் இருக்கும் தேங்காய் மூடியைக் குரங்கு பறிக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒருகல் மண்டபத்து வழியாகக் கீழே இறங்குகின்றனர்.